லித்தர் நதிக்கரையில் கற்ற பாடம்



மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவன் மீன் பிடிக்கப் போன கதைக்குக் குடும்பப் பத்திரிகையில் என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான எண்ணமே. ஆனால் காலம் மாறியிருக்கிறது. முன்பு விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த நம் குடும்பங்கள் இப்போது காஷ்மீர் வரை செல்கின்றன. அங்கே படகு வீட்டில் தங்குவது, குதிரைச் சவாரி செய்வது போல, வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பதும் ஒரு பொழுதுபோக்காக இருக்கிறது. ஃப்ளை ஃபிஷிங் என்று வழங்கும் அம்முறையை நாம் ஈத்தூண்டில் என்று சொல்லிக்கொள்ளலாம். முன்பின் பழக்கமில்லாதவர் அதற்குப் புறப்படும் முன் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றை அறியாமல் போனதனால், இன்னும் சரியாகச் சொன்னால், அறிந்தவனைப் போல நடித்ததனால், என் மகனின் கண் ஒரு விரற்கடையில் தப்பியது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படியொன்று நேரலாகாது என்பதற்காகவே, வெட்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

கடற்கரைக்காரனின் பெருமை

நான் இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவன். சிறு வயதில் அஸர் தொழுகை முடிந்ததும் நண்பர்களோடு படகுத்துறைக்கு ஓடிவிடுவேன். நைலான் நரம்பின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி, முள்ளில் இறாலைக் குத்தி, தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிக் கடலில் எறிவோம். கிழங்கானும் கெளுத்தியும் கிடைக்கும். அவற்றை ஓலையில் கோத்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது எனக்கிருந்த பெருமிதம், பின்னாளில் பி.ஏ. பட்டம் பெற்றபோதுகூட இருந்ததில்லை. ஆகவே தூண்டில் என்ற சொல்லைக் கேட்டாலே, அதில் எனக்கு எவரும் ஒன்றும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு உள்ளத்தில் ஊறிப்போயிருந்தது.

2023ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பணியாற்றும் என் மைத்துனர், செப்டம்பர் மாதம் காஷ்மீர் செல்லவிருப்பதாகவும், நானும் பதினைந்து வயதான என் மகனும் உடன் வர வேண்டும் என்றும் அழைத்தார். ஈத்தூண்டிலில் அவருக்குப் பல்லாண்டுப் பழக்கம். ஒரு மாதத்துக்கு முன்பே கோல் ஒன்றை அனுப்பிவைத்து, “மச்சான், இது நம் ஊர்த் தூண்டில் மாதிரி இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பத்து நாள் வீசிப் பழகிவிட்டு வாருங்கள்” என்று தொலைபேசியில் சொன்னார். நான் அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கடலில் பிடித்தவனுக்கு ஓடை ஒரு பொருட்டா என்று சிரித்தேன். என் மகன் மட்டும் இரண்டு முறை, “பிரித்துப் பார்க்கலாமா வாப்பா?” என்று கேட்டான். பாடத்தைப் படி என்று அதட்டி அனுப்பினேன்.

காலமும் அனுமதியும்

ட்ரவுட் என்பது குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழும் மீன். அது காஷ்மீரின் சொந்த மீனன்று. 1899ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட அதன் முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின. மறு ஆண்டு, 1900இல், ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்துக்கொண்டன. பிரௌன் ட்ரவுட் என்னும் அந்த இனமும், பின்னர் வந்த ரெயின்போ ட்ரவுட் இனமும் இன்று அங்குள்ள மலையாறுகள் பலவற்றில் பெருகி வாழ்கின்றன. நம் நீலகிரி மலையிலும் வெள்ளையர் காலத்தில் இம்மீன் கொண்டுவந்து விடப்பட்டது. அவலாஞ்சியில் அதற்கென்றே ஒரு குஞ்சுப் பண்ணை உண்டு.

நாங்கள் சென்றது லித்தர் ஆறு. கோலஹோய் பனிமலையிலிருந்து வரும் கிளையும், சேஷநாக் பக்கமிருந்து வரும் கிளையும் பஹல்காமில் ஒன்றுகூடி, அனந்தநாக் மாவட்டத்தின் வழியே கீழிறங்கி ஜீலம் நதியில் கலக்கின்றன. காஷ்மீரில் ட்ரவுட் பிடிக்கும் பருவம் பொதுவாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஆனால் இந்த ஆறு மாதமும் ஒன்று போலிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கோடை முற்றும்போது பனி உருகி ஆறு பெருகும், நீர் கலங்கும். கலங்கிய நீரில் மீனுக்கு ஈ தெரியாது; பெருகிய நீரில் மனிதனுக்குக் கால் நிற்காது. பருவத்தின் தொடக்கமும் முடிவுமே புதியவருக்கு ஏற்றவை. மைத்துனர் செப்டம்பரைத் தேர்ந்ததன் காரணம் இதுதான்.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கோலை நீட்டலாகாது. ஆறு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் ‘பீட்’ என்கிறார்கள். எந்த நாளில், எந்தப் பகுதியில், எந்த முறையில், எத்தனை மீன் வரை என்பனவெல்லாம் அச்சீட்டுக்குள் அடங்கும். வழிகாட்டியே அதை வாங்கித் தருவாரா, நாம் வாங்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஏப்ரல் 22ஆம் நாள் பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில் 26 உயிர்கள் பறிக்கப்பட்ட கொடுமையை நாம் அனைவரும் அறிவோம். அதன் பின்னர் அப்பகுதியில் பல இடங்கள் மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக இருந்தன. ஆகவே பயணச் சீட்டு வாங்கும் முன், செல்ல நினைக்கும் இடம் திறந்திருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்வது அவசியம்.

நான் சொன்ன பொய்

ஸ்ரீநகரில் இறங்கிய மறுநாளே மைத்துனருக்குக் கடுங்காய்ச்சல். அவர் அறையில் படுத்துக்கொண்டு எங்கள் இருவரை மட்டும் அனுப்பிவைத்தார். அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம். பஹல்காமுக்குச் சற்றுக் கீழே, ஆற்றங்கரையில் வழிகாட்டி காத்திருந்தார். அறுபதைக் கடந்தவர்; வெண்தாடி. ஸலாம் சொல்லித் தேநீர் கொடுத்தார். எனக்கு ஓரளவு உர்து வரும் என்பதால் பேச்சுக்குத் தடையில்லை. நான் மதரஸா ஆசிரியன் என்று அறிந்ததும் “மௌலவி ஸாஹிப்” என்று மிகுந்த மரியாதையோடு அழைக்கத் தொடங்கினார். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் மூன்று கேள்விகள் கேட்டார். இந்தக் கோலை இதற்கு முன் பிடித்ததுண்டா? எந்தக் கையால் வீசுவீர்கள்? நீந்தத் தெரியுமா? முதல் கேள்விக்கு, “தெரியும், தெரியும். நாங்கள் கடற்கரைக்காரர்கள்” என்றேன். என் மகன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் சிறிய குறடு ஒன்றை எடுத்து, முள்ளின் நுனிக்கருகே பின்னோக்கி நிற்கும் சிறு பல்லை நசுக்கித் தட்டையாக்கினார். பிடித்த மீன் நழுவிப் போகாதிருக்க இருப்பதல்லவா அந்தப் பல்? இவருக்கு ஒன்றும் தெரியவில்லையோ என்று உள்ளுக்குள் நகைத்தேன். அடுத்து இரண்டு கறுப்புக் கண்ணாடிகளை நீட்டினார். எனக்கு வேண்டாம் என்று மறுத்தேன். அவர் என்னை வற்புறுத்தவில்லை. ஆனால் பையனின் முகத்தில் தம் கையாலேயே ஒன்றை மாட்டிவிட்டார். “வளைவுக்கு அப்பால் நீர் எப்படியிருக்கிறது என்று பார்த்து வருகிறேன். நான் வரும்வரை முள்ளைக் கோலிலேயே மாட்டி வைத்திருங்கள்” என்று சொல்லிச் சென்றார்.

வாசகர்களே, நான் காத்திருக்கவில்லை. மகன் பார்க்க ஒரு வீச்சு வீசிக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. வலப்புறத்திலிருந்து நல்ல காற்று. கடற்கரையில் ஈயக் குண்டை எறிவதுபோல், முழு வலிமையையும் தோளில் திரட்டிக் கோலைப் பின்னே இழுத்து முன்னே வீசினேன். கயிறு முன்னே போகவில்லை. காற்றில் சுருண்டு என் தலைக்கு மேலாக இடப்பக்கம் சாய்ந்தது. பின்னால் இடப்பக்கத்தில் நின்றிருந்த என் மகன், “வாப்பா!” என்று அலறினான்.

திரும்பிப் பார்த்தபோது அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். கண்ணாடியின் மேல் ஒரு நீண்ட கீறல். கீறல் முடிந்த இடத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடையில், முள் சதைக்குள் இறங்கியிருந்தது. என் கால்கள் நடுங்கின. ஓடி வந்த பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் பையனை உட்காரவைத்தார். முள் இறங்கிய வழியே பின்னோக்கி மெல்ல எடுத்தார். பல் நசுக்கப்பட்டிருந்ததால் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஒரு சொட்டு இரத்தம். அவ்வளவுதான், அல்ஹம்துலில்லாஹ். பல்லுள்ள முள்ளாக இருந்திருந்தால் சதையைக் கிழிக்காமல் வந்திராது. கண்ணாடி இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எழுத என் கை வரவில்லை.

காயத்தைக் கழுவி, ஊருக்குள் சென்று மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பினோம். பெரியவர் அதே இடத்தில் அமர்ந்திருந்தார். காலையில் கேட்ட அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்: “மௌலவி ஸாஹிப், இந்தக் கோலை இதற்கு முன் பிடித்ததுண்டா?”

“இல்லை. எனக்குத் தெரியாது” என்றேன்.

“தெரியாது என்று சொல்பவருக்குக் கற்றுக்கொடுப்பது எளிது. தெரியும் என்பவரைத்தான் நான் ஆற்றுக்கு அழைத்துச் செல்ல அஞ்சுகிறேன்” என்றார் அவர். என் மகன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ‘தெரியாது’ என்ற சொல்லை என் வாயிலிருந்து அவன் கேட்டது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

கயிறுதான் எடை

அன்று பிற்பகல் நாங்கள் ஆற்றில் இறங்கவேயில்லை. புல்வெளியில் நிறுத்தி, முள்ளை அவிழ்த்துவிட்டு அதன் இடத்தில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பாடம் தொடங்கினார். நீங்களும் முதலில் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டு கனமானது. அது பறக்கும், நரம்பு அதன் பின்னே இழுபட்டுச் செல்லும். ஈத்தூண்டிலில் இது நேர்மாறு. இறகும் நூலும் முள்ளில் சுற்றிச் செய்யப்பட்ட போலி ஈக்கு எடையே இல்லையெனலாம். எடை முழுவதும் பருத்த கயிற்றில் இருக்கிறது. ஆகவே நாம் வீசுவது கயிற்றை. ஈ அதன் பின்னே போகும் பயணி. கயிற்றின் எடைக்கு எண்கள் உண்டு. ட்ரவுட் மீனுக்கு ஒன்பது அடிக் கோலும் ஐந்தாம் எண் கயிறும் புதியவர்க்குப் பொருத்தமானவை. கயிற்றின் நுனியில், கோலின் நீளத்துக்கு ஒத்த, போகப் போக மெலியும் கண்ணாடி நரம்பு ஒன்று கட்டப்படும். கயிற்றை மீன் கண்டு மிரளாதிருக்க அது உதவுகிறது.

வீசும் முறையை விளக்க அவர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் தலைக்கு நேர் மேலே பன்னிரண்டு மணி என்று கொள்ளுங்கள். முன்னே பத்து மணி நிலையிலிருந்து பின்னே ஒரு மணி நிலை வரை கோலை எடுத்து, அங்கே சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தியபின் பொறுக்க வேண்டும். கயிறு பின்னால் முழுவதும் நீண்டு விரியும் வரை பொறுத்து, அது கோலை இழுத்து வளைப்பது கையில் தெரிந்த பின்பே முன்னே வீசி, மீண்டும் பத்து மணியில் நிறுத்த வேண்டும். வலிமைக்கு இங்கே வேலையில்லை. பொறுக்காமல் முன்னே இழுத்தால் கயிறு சவுக்கைப் போல ‘படீர்’ என்று ஒலிக்கும். ஈ அறுந்து போகும். என் கோல் அன்று படீர் படீர் என்று ஒலித்துக்கொண்டேயிருந்தது. மகனோ அரை மணி நேரத்தில் கயிற்றை நேராக நீட்டக் கற்றுக்கொண்டான். அவன் திரும்பித் தன் கயிறு நீள்வதைப் பார்த்தான். நான் முன்னால் விழப்போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறுபாடு அவ்வளவே.

பாதுகாப்பு விதிகள் மூன்றை அவர் சொல்லித் தந்தார். வீசுகிறவரின் பின்னாலோ பக்கத்திலோ எவரும் நிற்கலாகாது. வீசும் கையின் பக்கமிருந்து காற்று அடித்தால் வீசாதிருங்கள், அல்லது இடம் மாறுங்கள். தொப்பியும் கண்ணாடியும் இன்றி ஒருவரும் கோலைத் தொட வேண்டாம். உடன் வரும் பெண்மக்களும் கரையில் நின்று தாராளமாக வீசலாம்; பலம் தேவையில்லாத கலை இது. துப்பட்டாவின் முனைகளை மட்டும் ஊசி குத்திக் கட்டிக்கொள்ளட்டும். பல்லுள்ள முள் ஆழமாக இறங்கிவிட்டாலோ, கண்ணருகே இறங்கிவிட்டாலோ, நாமே பிடித்து இழுக்காமல் மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும்.

ஆற்றை வாசிப்பது

மறுநாள் காலை ஆற்றங்கரைக்குச் சென்றோம். பெரியவர் கோலைத் தொடுவதற்கு முன், ஓரத்து நீரிலிருந்து ஒரு கல்லைப் புரட்டி எடுத்து எங்கள் முன் நீட்டினார். அதன் அடிப்பக்கத்தில் சிறு பூச்சிகள் ஊர்ந்தன. சில, மணலாலும் சிறு கற்களாலும் தமக்கொரு கூடு கட்டிக்கொண்டு அதற்குள் இருந்தன. இவைதான் ட்ரவுட்டின் உணவு. வளர்ந்ததும் சிறகு முளைத்து நீருக்கு மேலே பறப்பவையும் இவைதாம். மீன் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே தேடிக்கொள்கிறது. ஆகவே போலி ஈக்களில் மிதப்பவையும் உண்டு; மூழ்குபவையும் உண்டு. எதைக் கட்டுவது என்பதை வழிகாட்டியிடம் விட்டுவிடுங்கள். அந்த ஆற்றின் அன்றைய நாளை அறிந்தவர் அவர்.

ஓடும் நீரில் மீன் எப்போதும் நீர் வரும் திசையை நோக்கியே நிற்கும். உணவு அங்கிருந்துதானே மிதந்து வருகிறது! ஆகவே அதன் பின்புறமாக, கீழிருந்து மேல்நோக்கி நெருங்க வேண்டும். நிழல் நீரில் விழலாகாது. பளிச்சென்ற நிற ஆடை வேண்டாம். கரையில் கால் அதிர நடந்தாலும் மீன் உணர்ந்துவிடும். வேகமாக ஓடும் நீரும் மெதுவாக ஓடும் நீரும் சந்திக்கும் கோட்டிலும், பெரிய பாறையின் முன்னும் பின்னும் அது நிற்கும். அங்கே நிற்பதால் அதற்கு உழைப்புக் குறைவு. உணவோ பக்கத்திலேயே போகிறது.

அந்த இடத்துக்குச் சற்று மேலே ஈயை விழச்செய்து, உண்மையான பூச்சி போலவே நீரோடு மிதக்கவிட வேண்டும். கயிறு வேக நீரில் அகப்பட்டு ஈயை இழுத்தால், அது நீரைக் கீறிக்கொண்டு ஓடும். மீன் பொய்யைக் கண்டுகொள்ளும். முந்தின நாள் என் மகன் என் முகத்தில் கண்டதைப் போல.

நீரில் கால் வைக்கும் முன்

லித்தர் நீர் பனியிலிருந்து பிறந்தது. செப்டம்பரிலும் விறைக்க வைக்கும். கற்கள் பாசி பிடித்து வழுக்கும். நீரில் இறங்குவோர் மார்பு வரை வரும் நீர்புகா உடை ஒன்றை அணிகிறார்கள். அதன் இடுப்புப் பட்டையை இறுகக் கட்டாமல் இறங்கவே கூடாது. விழுந்தால் உடைக்குள் நீர் நிரம்பாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். கையில் ஊன்றுகோல் வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல், தரையைத் தடவித் தடவி, பக்கவாட்டில் நகர வேண்டும். ஒரு கால் உறுதியாக ஊன்றிய பின்பே மற்றக் காலை அசைக்கலாம். தவறி விழுந்து நீர் இழுத்துச் சென்றால், எழுந்து நிற்கத் துடிக்காமல் மல்லாந்து, கால்கள் நீர் போகும் திசையில் முன்னே இருக்கும்படி மிதந்து கரை ஒதுங்க வேண்டும். புதியவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கரையிலேயே நிற்கட்டும். நானும் கரையிலேயே நின்றேன். எனக்குக் கடலில் நீந்தத் தெரியும் என்று ஒருமுறையும் சொல்லவில்லை.

கையில் வந்த மீன்

முற்பகலில் என் மகனின் கோல் வளைந்தது. பெரியவர் அவன் தோளருகில் நின்று, “இழுக்காதே, கோலை உயர்த்து, அது ஓடினால் ஓடவிடு, நின்றால் சுற்று” என்று மெல்லச் சொல்லிக்கொண்டேயிருந்தார். வலையில் வந்தது ஒரு சாண் அளவுக்கும் குறைந்த மீன். உடலெங்கும் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். கையை நீரில் நனைத்த பிறகே தொட வேண்டும் என்றார். மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பு அதன் கவசம். உலர்ந்த கை பட்டால் அது உரிந்துபோய் நோய் பற்றும். முள்ளை நீருக்குள்ளேயே கழற்றி, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி தாங்கிப் பிடித்து, அது தானாகத் துடித்து விலகும்வரை காத்திருந்தார். சிறிய மீன், ஆதலால் விட்டுவிட்டார்.

அப்போது என் மகன் கேட்டான்: “வாப்பா, விடுவதற்காகவா பிடித்தோம்? அதற்கு வலித்திருக்காதா?”

பழைய நானாக இருந்திருந்தால் ஏதோ ஒரு விடையை உடனே சொல்லி அவன் வாயை அடைத்திருப்பேன். “எனக்கும் அது உறுத்துகிறது. யோசித்துச் சொல்கிறேன்” என்றேன். லுஹர் தொழுகையைப் பெரியவருடன் புல்வெளியில் நிறைவேற்றிவிட்டு, மூவரும் அமர்ந்து பேசினோம். உண்பதற்காக மீன் பிடிப்பதில் நமக்குத் தடையில்லை. ஆனால் வாயில்லா உயிரை வெறும் விளையாட்டுக்காக வருத்துவதை நம் மார்க்கம் விரும்புவதில்லை. அனுமதி பெற்ற அளவுக்குள், உண்ணத் தேவையானதை மட்டும் பிடிப்பது. தவறி அகப்படும் சிறியவற்றைக் குறைந்த துன்பத்தோடு உடனே விடுவது. தேவை தீர்ந்ததும் கோலைச் சுருட்டிவிடுவது. இதுவே எங்கள் முடிவாயிற்று. பெரியவரும் இசைந்தார். உலகெங்கும் பலர் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே நாளைக் கழிக்கிறார்கள். ஆற்றில் மீன் குறையாதிருக்க அதுவே வழி என்பது அவர்கள் வாதம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் புறப்படும் முன்பே இதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்துகொண்டு, வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.

அஸருக்குள் உண்ணும் அளவில் இரண்டு மீன் கிடைத்தன. இரண்டையும் பிடித்தவன் என் மகன். நான் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தில் என் கோல் ‘படீர்’ என்று ஒலிக்கவில்லை.

புறப்படும் முன் சில சொற்கள்

வழிகாட்டியை அமர்த்தும்போதே உங்கள் நிலையை ஒளிக்காமல் சொல்லுங்கள்: இதுவரை பிடித்ததில்லை, நீந்தத் தெரியாது, முழங்கால் வலி உண்டு, மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்வை தெளியாது என எதுவாயினும் சரி. கோல், ஈ, நீர்புகா உடை, காலணி, உணவு ஆகியவற்றில் எதையெல்லாம் அவர் தருவார், எதை நாம் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேளுங்கள். முதல் நாளுக்கு அரைநாள் போதும். இயன்றால் ஒரு வாரம் முன்னதாகவே ஊர் மைதானத்தில் கம்பளி நூல் கட்டி வீசிப் பழகுங்கள். விளிம்பு அகன்ற தொப்பி, நீரின் பளபளப்பை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, மங்கிய நிற உடை, ஒரு கம்பளிச் சட்டை, மாற்றுடை ஆகியன பையில் இருக்கட்டும். எத்தனை மீன் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். வழிகாட்டி கற்றுத்தருவார், மீனுக்கு அவர் பொறுப்பாளியல்லர். விடைபெறும்போது, பேசிய கூலிக்கு மேல் மனமுவந்து ஏதேனும் கொடுங்கள். அந்தப் பருவத்து உழைப்பில்தான் அவர்களுடைய குளிர்காலமும் கழிய வேண்டும்.

ஊர் திரும்பிய பின் முதல் வகுப்பு. ‘அறியேன் என்று சொல்வது அறிவில் பாதி’ என்று நம் முன்னோர் சொல்வதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த வகுப்பில் ஒரு சிறுவன். எப்போது கேட்டாலும், “விளங்கிச்சு ஹஜ்ரத்” என்பான். மறுநாள் ஓதச் சொன்னால் திணறுவான். அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன். அவன் ஏன் விளங்கியதாகச் சொல்கிறான் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. லித்தர் கரையில் நான் எதனால் ‘தெரியும்’ என்றேனோ, அதனால்தான் அவனும் சொல்கிறான், வெட்கம். அவனுக்குக் கூடுதலாக என்மீது அச்சமும் உண்டு.

அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, என் மகனின் கன்னத்தில் முள் இறங்கிய கதையை ஒன்றுவிடாமல் அவர்களுக்குச் சொன்னேன். என் பொய்யையும் சேர்த்துத்தான். பிள்ளைகள் வாய் மூடாமல் கேட்டார்கள். முடித்த பின் சிறிது நேரம் அமைதி. அந்தச் சிறுவன் மெல்லக் கையைத் தூக்கினான்.

“ஹஜ்ரத், நேத்து நடத்துனது எனக்கு விளங்கல.”

அவன் அருகில் சென்று அமர்ந்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

உங்கள் பயணம் நலமாக அமைய இறைவன் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.